ஃப்ரீசருக்குள் போன மூன்றாவது ஊசி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மகளுக்குப் போட வேண்டிய தடுப்பூசி மருந்தை, கோழிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில், கடை ஃப்ரீசரில் வைத்தவன் நான்தான். கை தவறி வைக்கவில்லை. வேறு யாரும் வைத்துவிட்டு என் மேல் பழி போடவும் இல்லை. நன்றாக யோசித்து, இடம் ஒதுக்கி, பிஸ்மி சொல்லி வைத்தேன். வைத்தபிறகு இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அப்போது ஷார்ஜாவில், முவைலாவில், எனக்கு ஒரு பகாலா இருந்தது. பகாலா என்றால் மளிகைக் கடை. சலவை சோப்பிலிருந்து நெத்திலிக் கருவாடு வரை எல்லாம் இருக்கும். தேடி எடுக்கத்தான் ஆள் வேண்டும். அந்தக் கடையில் எனக்கு ரொம்பப் பிடித்த சாமான், ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் நீளத்தில் கிடந்த ஃப்ரீசர். மைனஸ் பதினெட்டு. ஜூலை மாதத்தில் கட்டட வேலை சைட்டிலிருந்து வருகிறவர்கள் ஐஸ்கிரீம் எடுக்கிற சாக்கில் தலையை உள்ளே விட்டு நிற்பார்கள். "பாய், ஜல்தி, கோழி வேர்க்குது" என்று நான் கத்துவேன். கத்தினாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். அந்தத் தெருவில் அவ்வளவு பெரிய ஃப்ரீசர் வேறு யாரிடமும் கிடையாது.

ஊசிக்கதை தொடங்கியது என் மனைவியின் லாத்தாவில், அவள் அக்காவில். ஊரில் இருந்தார். நாள் அல்லாத நாளில் ரத்தம் படுகிறது என்று தெரிந்தும், ஒரு வருஷம் போல யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். டாக்டரிடம் போனபோது கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். மூன்று பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு மௌத்தாகிவிட்டார். என் மனைவி இங்கிருந்து போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. திரும்பி வந்தபிறகு அவள் அழுததை நான் பார்த்ததில்லை. ஆனால் பேச்சு குறைந்துபோனது. சமைத்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று, "ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருக்கலாம்ல மச்சான்" என்பாள்.

கடைக்கு வாடிக்கையாக ஒரு சிஸ்டர் வருவார். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், அப்பா மீன்பிடிக்கிறவர். எங்கள் தெருமுனை கிளினிக்கில் நர்ஸ். கருவாட்டை முகர்ந்து பார்த்தே எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவார் என்பதால் அவரிடம் நான் பழைய சரக்கைத் தள்ள முயன்றதில்லை. ஒருநாள் என் மனைவி கடையில் இருந்த நேரத்தில் அவரும் வந்தார். லாத்தாவின் பேச்சு வந்தது. சிஸ்டர் கருவாட்டைக் கீழே வைத்தார்.

"அதுக்கு இப்போ ஊசி வந்தாச்சு, தெரியுமா? ஒங்க மகளுக்கு என்ன வயசு?"

"பன்னெண்டு," என்றாள் மனைவி.

"கொள்ளாம், சரியான வயசு. கொண்டுவாங்க."

எனக்குப் பகீரென்றது. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குக் கர்ப்பப்பையில் வருகிற நோய்க்கு ஊசியா? அவள் இன்னும் சாக்லேட் பேப்பரைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒட்டி வைக்கிறாள். நான் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். "பெரியவளானப்புறம் பார்த்துக்கலாமே சிஸ்டர்" என்றேன், தராசைப் பார்த்தபடி.

"பெரியவளானப்புறம் போட்டா பலன் குறைவாக்கும். அது ஒரு வைரஸ் கிருமி பாய். ஆம்பள பொம்பள சேர்றதுல தொத்துறது."

நான் பருப்பைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து நிறுத்தேன்.

"தொத்தினவங்க எல்லாருக்கும் கேன்சர் வராது. முக்காவாசிப் பேருக்கு ஒடம்பே வெரட்டிரும். செலருக்குப் போகாம உள்ளேயே கெடக்கும். பத்து வருஷம், இருவது வருஷம். பெறவுதான் காட்டும். கிருமி வர்றதுக்கு முந்தி ஊசி போட்டாத்தான் முழுசா காக்கும். வந்த கிருமியை இந்த ஊசி வெரட்டாது. அதான் சின்னதுலயே போடச் சொல்லுது."

மூன்றாவது முறை பருப்பு நிறுத்தேன். பின்னால் நின்ற பெஷாவர்க்காரர், "பாய், ஏக் கிலோ தால் மே கித்னா டைம்?" என்று, ஒரு கிலோ பருப்புக்கு எவ்வளவு நேரம் என்று, கேட்டே விட்டார்.

எனக்கு அப்போது ஒரு வாதம் கிடைத்தது. பெரிய வாதம் என்று நினைத்தேன். "சிஸ்டர், எங்க புள்ளைங்க அந்த மாதிரியெல்லாம் இல்ல. கட்டுப்பாடா வளர்க்குறோம். அதுக்கு எதுக்கு இது?"

சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்க மகளுக்கு நீங்க கியாரண்டி. சரி. வரப்போற மருமவனுக்கு யாரு கியாரண்டி? இப்பவே கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். லாத்தா இறந்தபிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னை வைத்துத்தான் சிரித்தாள் என்றாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அப்புறம் அவளே கேட்டாள். "எனக்கும் போட்டுக்கலாமா சிஸ்டர்?"

"ஒங்களுக்கு வயசு தாண்டிட்டு. இருபத்தாறு வரைதான் இப்போ போடுறோம். ஒங்களுக்கு வேண்டியது டெஸ்ட். கர்ப்பப்பை வாயில தொடச்சு எடுத்து மைக்ராஸ்கோப்புல பாப்பாங்க. ரெண்டு நிமிஷம். கல்யாணமானவங்க எல்லாரும் எடுக்கணும். ஒங்க மகளுக்கும் ஊசி போட்டாச்சேன்னு விட்டுரப்படாது, கல்யாணம் கழிஞ்சு அவளும் எடுக்கணும்."

நானும் சும்மா இருக்கக் கூடாது என்று, "எனக்கு?" என்றேன்.

"ஒங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கா பாய்?"

பெஷாவர்க்காரருக்குத் தமிழ் தெரியாது என்பது அன்று எனக்கு அல்லாஹ் செய்த பெரிய உதவி. சிஸ்டர் கொஞ்சம் இரங்கி, "பயலுவளுக்கும் போடணும்னு பேச்சு இருக்கு. இங்க இன்னும் வரல்ல. வந்தாலும் ஒங்க வயசுக்குக் கெடையாது" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டோடு போனார்.

மனைவி அந்த வாரமே டெஸ்ட் எடுத்துக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று வந்தது. அந்த நாளில் மொத்தம் மூன்று ஊசி; மகளுக்கு அக்டோபரில் முதல் ஊசி. பிள்ளை மயங்கி விழுந்துவிடுமோ என்று கூடப் போனேன். அவள் கையை நீட்டிவிட்டுச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் கண்டு கண்ணை மூடியது நான். "வாப்பா, யு கேன் ஓப்பன் நவ்" என்றாள். டிசம்பரில் இரண்டாவது. மூன்றாவது, முதல் ஊசியிலிருந்து ஆறு மாதம் கழித்து, ஏப்ரலில்.

அங்கேதான் சிக்கல். அந்த வருஷம் வாடகை ஏறிய ஏற்றத்தில் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாகிவிட்டது. மார்ச்சில் பள்ளிக்கூடம் முடிந்ததும் விசாவை கேன்சல் செய்தோம். கேன்சல் ஆனால் முப்பது நாளுக்குள் கிளம்பிவிட வேண்டும். டிக்கெட் கிடைத்தது ஒரு புதன்கிழமைக்கு. ஊசி நாள் அதற்கடுத்த சனிக்கிழமை.

"பத்து நாள், ஒரு மாசம் பிந்தினாலும் ஒண்ணும் ஆகாது. முந்தத்தான் கூடாது," என்றார் சிஸ்டர். "மெட்ராஸ்ல கெடைக்கும். அங்க போட்டுக்கலாமே."

மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரிலிருந்து சென்னை ஒரு ராத்திரிப் பயணம். நான் இங்கே. யாராவது ஓர் ஆண் துணைக்கு வர வேண்டும். எதற்குப் போகிறோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். "அதச் சொல்றதுக்குக் கூச்சப்பட்டுத்தானே எங்க லாத்தா போச்சு. நான் சொல்லிருவேன் மச்சான். ஆனா கேட்டுட்டு, இதெல்லாம் எதுக்கு, அப்புறம் பார்க்கலாம்னு தள்ளிக்கிட்டே போவாங்க. தள்ளித் தள்ளி ஒண்ணுமில்லாமப் போயிரும்." ஊரில் தெரிந்த லேடி டாக்டர் ஒருவருக்கு போன் போட்டாள். பில்லும் கிளினிக் சீட்டும் கொண்டுவா, வழி முழுக்கக் குளிர்ச்சி கெடாமல் கொண்டுவந்தால் போட்டுவிடுகிறேன் என்றார் அவர்.

கொண்டுபோவதென்றால் எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? இந்தியாவில் செய்த தைலத்தை ஷார்ஜாவில் வாங்கி இந்தியாவுக்கே கட்டிக்கொண்டு போகிற கூட்டம் நாங்கள். பால்பவுடர் டின், போர்வை, பிஸ்தா, வாசனை சோப்பு எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுக் கயிறு கட்டி, நான்கு பக்கமும் மார்க்கரால் பேர் எழுதி. அந்த வரிசையில் இப்போது ஒரு தடுப்பூசி. முதல் இரண்டு ஊசியும் எந்தக் கம்பெனியோ மூன்றாவதும் அதுவாகவே இருப்பது நல்லது என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால், பார்மசியில் ஆர்டர் கொடுத்தோம். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலேயே வந்துவிட்டது. வீட்டு ஃப்ரிட்ஜை அதற்குள் விற்றாகிவிட்டது.

"சிஸ்டர் கிளினிக்ல குடுத்து வைங்க. கெளம்புற அன்னிக்கு வாங்கிக்கலாம்," என்று மனைவி என்னைப் பார்மசிக்கு அனுப்பினாள்.

பார்மசிக்காரர் ஒரு சின்னப் பையில் ஐஸ் பாக்கெட்டோடு வைத்துக் கொடுத்தார். பெட்டியில் ஆங்கிலத்திலும் அரபியிலும், உறைய வைக்காதே என்று எழுதியிருந்ததாம். பிறகு தெரிந்தது. நான் அந்தப் பெட்டியில் படித்தது ஒன்றே ஒன்று: காலாவதித் தேதி. மளிகைக்காரன் எந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாலும் அதைத்தான் முதலில் தேடுவான். தேதி தூரத்தில் இருந்தால் சரக்கு நல்ல சரக்கு. மற்ற எழுத்தெல்லாம் அவனுக்கு அலங்காரம்.

கிளினிக் பக்கம்தான் நடந்தேன். நடுவில் கடை வந்தது. கடைக்குள் ஃப்ரீசர். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய ஃப்ரீசரை வைத்துக்கொண்டு, ஒரு விரல் நீள மருந்தை ஊரான் ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் வைப்பதா? அவர்கள் ஃப்ரிட்ஜ் எட்டு டிகிரி தாண்டாதாம். நம்மது மைனஸ் பதினெட்டு. எட்டு பெரிதா, பதினெட்டு பெரிதா? ஒரு மாதம் கிடந்தாலும் கோழி கெடுவதில்லையே. வைத்தேன். "ஒப்படைச்சிட்டீங்களா?" என்று மனைவி கேட்டபோது, "பத்திரமா இருக்கு" என்றேன். பொய் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, சிஸ்டர் நெத்திலி வாங்க வந்தார். "மருந்து வந்துட்டா?" என்று கேட்டார். நான் ஃப்ரீசர் கதவை நகர்த்தி, மந்திரவாதி மாதிரி கோழியை விலக்கிக் காட்டினேன். பெட்டி மேல் வெள்ளை வெளேரென்று உறைபனி.

சிஸ்டர் பெட்டியை எடுத்தார். விரலால் பனியைத் துடைத்து, அந்த எழுத்தை எனக்குக் காட்டினார்.

"வட்டா பாய் ஒங்களுக்கு, பைத்தியமா? ஒறஞ்சு போனா மருந்து செத்துப் போச்சு. இனி இது வெறும் வெள்ளமாக்கும், பச்சத்தண்ணி."

"கொஞ்ச நேரம் வெளியில வெச்சா எளகிரும் சிஸ்டர்."

"எளகும். உசுரு வராது. மீன்காரன் மகளாக்கும் நான். எதை ஐஸுல வைக்கணும், எதை வைக்கப்படாதுன்னு எனக்குத் தெரியும். இதைப் பிள்ளைக்குப் போட்டுராதீங்க." நெத்திலி வாங்க மறந்து போய்விட்டார்.

ஜும்மாவுக்குக் கடை அடைக்க இன்னும் நேரம் இருந்தது. மருந்தை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தேன். அரை மணி நேரத்தில் பனி போயிற்று. அட்டையைத் துணியால் ஒற்றி எடுத்தேன். புத்தம் புதுசு. உள்ளே பார்த்தேன். சாதாரணக் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஊரில் இருக்கிற டாக்டருக்கும் தெரியாது. குளிர்ச்சி கெடாமல் வந்ததா என்று அவர் கேட்பார். வந்தது என்று என் மனைவி சொல்லுவாள். அவளுக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லுவாள். பிள்ளை கையை நீட்டும். எல்லாருக்கும் திருப்தி. ஏதாவது தெரிய வேண்டுமென்றால் இருபது வருஷம் ஆகும். ஒருவேளை தெரியவே தெரியாது. ரெண்டு ஊசி போட்டிருக்கிறதே, மூன்றாவது என்ன பெரிய...

இந்த இடத்தில் நான் ஜோக் எதுவும் வைத்திருக்கவில்லை. அரை மணி நேரம் அந்த யோசனையோடு உட்கார்ந்திருந்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலி வீடு, கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். மனைவி தரையில் உட்கார்ந்து மார்க்கரால் பேர் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்ன தெர்மாகோல் பெட்டி. அதற்குள் ஸ்பாஞ்சை வெட்டி, மருந்துப்பெட்டி அளவுக்கு ஒரு குழி செய்து வைத்திருந்தாள். ஐஸ் பாக்கெட் மருந்தைத் தொடாமல் இருக்க நடுவில் ஒரு துண்டு அட்டை வேறு.

"எங்க லாத்தா புள்ளைங்க மூணு பேரும் இருக்குதுங்கள்ல," என்றாள் நிமிராமல். "பெரியவளுக்குப் பதினேழு. நம்ம புள்ளைக்குப் போடுறப்ப அந்த டாக்டர்ட்ட அதுங்களுக்கும் கேக்கணும். பக்கத்துல நிக்க வெச்சுப் போடுவேன். பார்த்தா பயம் போயிரும்."

நான் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "மருந்து செத்துப் போச்சு," என்றேன்.

"என்னது?"

"ஃப்ரீசர்ல வெச்சேன். கடை ஃப்ரீசர்ல. கிளினிக்ல குடுக்கல."

மார்க்கர் மூடியைத் தேடி எடுத்து மூடினாள். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"காலையில."

"காலையில தெரிஞ்சு இப்ப சொல்றீங்க."

"சொல்லாம விட்டுரலாமான்னு பார்த்தேன்."

மகள் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "வாப்பா, யு ஃப்ரோஸ் மை வேக்சின்? வித் தி சிக்கன்?" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் மனைவி சிரிக்கவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் எழுந்து, துப்பட்டியைப் போட்டு, "சிஸ்டர் நம்பர் குடுங்க" என்றாள்.

அதற்கப்புறம் அந்த ஊசி விஷயத்தில் எனக்கு வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை. சிஸ்டர் நாலைந்து பார்மசிக்கு போன் போட்டார். ரோலா கடைவீதிப் பக்கம் ஒன்றில் அதே கம்பெனி மருந்து ஒன்று இருந்தது. மனைவியும் மகளும் டாக்சியில் போய் எடுத்து, நேராகக் கிளினிக் ஃப்ரிட்ஜில் ஒப்படைத்தார்கள். விலை என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை. புதன்கிழமை கிளம்புகிற நேரத்தில் சிஸ்டரே தெர்மாகோல் பெட்டியில் வைத்து, உள்ளே ஒரு சின்ன வெப்பமானியையும் போட்டு, டாக்டர் சீட்டோடு என் மனைவி கையில் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏர்போர்ட்டில் நான் மெதுவாக, "அந்தப் பெட்டியக் குடு, நான் கொஞ்ச தூரம் புடிக்கிறேன்" என்று கையை நீட்டினேன். அவள் பால்பவுடர் டின்னை என் கையில் வைத்தாள். மகள் உள்ளே போகும் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். மனைவி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். கை ஆட்ட அவளுக்குக் கை காலியாக இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் நான் பேச்சலர் ரூமில். ஊரில் அந்த வருஷம் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். காலிங் கார்டைச் சுரண்டிச் சுரண்டி போன் போட்டேன். வியாழன் காலை, "ஃப்ரிட்ஜ்ல எந்தத் தட்டுல வெச்சிருக்கே? மேல் தட்டு வேணாம், ஃப்ரீசருக்குப் பக்கம்" என்றேன். "சரி" என்றாள். வியாழன் மத்தியானம், "கதவுப் பக்கம் வைக்காதே" என்றேன். "சரி." வெள்ளிக்கிழமை, கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருக்கச் சொன்னேன். "சரி."

சனிக்கிழமை கடையில் கூட்டம். சாயங்காலம்தான் லைன் கிடைத்தது. எடுத்ததும் நான் விடவில்லை. வெப்பமானியைப் பார்த்தாயா, ரெண்டுக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது, இன்றைக்கு டாக்டர் லீவு என்றால் பதற வேண்டாம், பிந்தினால் தப்பில்லை, முந்தத்தான் கூடாது, ஐஸ் பாக்கெட் மருந்தைத் தொடாமல் நடுவில் ஓர் அட்டை வைக்க வேண்டும் என்று, ஷார்ஜாவிலேயே குளிர்ச்சி தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது போலக் கார்டில் இருந்த நிமிஷத்தில் பாதி தீரும்வரை பேசினேன். மூச்சு வாங்க நிறுத்தி, "மருந்து இப்ப எங்க இருக்கு, சரியாச் சொல்லு" என்றேன்.

"புள்ள கைக்குள்ள இருக்கு, கடையப் பாருங்க."